ஒற்று மிகா இடம்

துப்பு சாரின் கட்டைவிரலில் ஸ்டேப்ளர் பின் ஏறியிருந்தது. அவருக்குத் தெரியவில்லை. கோப்பின் ஓரம் சிவப்பாவதைப் பார்த்து நான்தான் சொன்னேன்.

"சார், ரத்தம்."

"ஓ" என்றார். பின்னைப் பிடுங்கிக் குப்பைத் தொட்டியில் போட்டுவிட்டு அடுத்த தாளைப் புரட்டினார். முகத்தில் ஒரு சுளிப்புக் கிடையாது.

அவர் மனைவி போய்ச் சேர்ந்து எட்டு மாதம். அன்றிலிருந்து அவருக்கு எதுவும் வலிப்பதில்லை, ருசிப்பதில்லை. ஆள் மரத்துப் போய்விட்டார். எட்டு மாதமாக அவர் பங்குக்கும் சேர்த்து நானே பேசிக்கொண்டிருக்கிறேன். வாயாடி என்ற பேர் எனக்கு அதற்கு முன்பே வந்துவிட்டது. துப்புத் துலக்குகிறவர் என்பதால் அவர் துப்பு சார். கேஸ் வராத மாதங்களில் துப்புக்கெட்ட சார் என்று மனசுக்குள் மாற்றிக்கொள்வேன்.

அந்தத் திங்கட்கிழமை காலை பத்து மணிக்கு ஓர் அம்மாள் வந்தார். அறுபது வயது இருக்கும். உட்காரச் சொல்வதற்குள் உட்கார்ந்து, பையிலிருந்து ஒரு பத்திரிகைத் துண்டை எடுத்து மேஜையில் வைத்தார்.

"இவர் என் வீட்டுக்காரர்."

துண்டில் ஆள் படம் இல்லை. குறுக்கெழுத்துக் கட்டம்தான் இருந்தது. அடியில் 'எறும்பு' என்று ஒரு புனைபெயர்.

"ஞாயித்துக்கிழமை எறும்பா? உங்க வீட்டுக்காரரா?" என்று நான் நிமிர்ந்தேன். "அம்மா, அவர் குறிப்பு ஒவ்வொண்ணும் கடிக்குமே!"

எனக்கு அவரை முகம் தெரியாது, எழுத்துத் தெரியும். இருபத்திரண்டு வருடம் அந்தப் பத்திரிகையில் பிழை திருத்தினவள் நான். அதை விட்டுத் துப்பு சாரிடம் உதவியாளராகச் சேர்ந்த பிறகும் சனிக்கிழமை மட்டும் போய் ஞாயிறு இணைப்புக்குப் பிழை பார்த்துக் கொடுத்துவிட்டு வருவேன். நேற்று முன்தினம்தான் பல்வலியில் போகவில்லை.

"வீட்டை விட்டுப் போய் ஒன்பது நாளாச்சு. சனிக்கிழமை காலையில போனார். மறுநாள் பேப்பர்ல இது வந்துச்சு." அந்த அம்மாள் ஒரு வரியைத் தொட்டுக் காட்டினார். "எட்டு நாளா போலீஸ் கடல்ல தேடறாங்க. இன்னைக்குச் சாயங்காலம் அஞ்சு மணியோட நிறுத்திடுவாங்களாம்."

நான் அந்த வரியைப் படித்தேன்.

'அரைபடும் இடத்தில் உயிர் முன்னே போக, கடலைக் கடைசியில் சேர்ந்தேன் (2).'

"உயிரோட கண்டுபிடிச்சுக் குடுங்கன்னு கேக்கல" என்றார் அவர். "உடம்பு எந்தப் பக்கம் ஒதுங்கும்னு சொன்னாப் போதும்."

குழாய் ஒழுகுகிறது, வந்து பாருங்கள் என்று சொல்கிற குரல். அழுதிருந்தால் எனக்குச் சமாளிக்கத் தெரியும். இதற்கு என்ன சொல்வதென்று தெரியாமல், "ஒற்றுகூட சரியா விழுந்திருக்கு" என்று உளறி வைத்தேன். பிழை திருத்துகிறவள் புத்தி, சாவு வீட்டிலும் சந்திப்பிழைதான் கண்ணில் படும்.

துப்பு சார் துண்டைத் தன் பக்கம் இழுத்தார். "எனக்கு இந்த விளையாட்டுத் தெரியாது. சொல்லு, வாயாடி."

கும்பிடப் போன தெய்வம் குறுக்கே வந்தது. "ஓடும் நீர், ரெண்டு எழுத்து, ஆறு. இது சாதாக் குறுக்கெழுத்து சார். எறும்போடது வேற. 'தலை போன கவிதை முளைக்கும், ரெண்டு எழுத்து.' இதுக்கு விடை சொல்லுங்க?"

"கவிஞர் செத்துட்டாரா?"

"உங்ககிட்ட போய்க் கேட்டேன் பாருங்க! கவிதைங்கிற சொல்லுக்குத் தலையை வெட்டுங்க. முதல் எழுத்து போச்சுன்னா?"

"விதை."

"முளைக்குமா?"

"முளைக்கும்."

"அவ்வளவுதான். மேல ஒரு பேச்சு இருக்கும், உள்ள ஒரு கணக்கு இருக்கும். ஒரு ஓரத்துல விடைக்கு அர்த்தம், மிச்சத்துல அதைச் செய்யற முறை. மேல இருக்கிற பேச்சை நம்பினவன் கெட்டான்."

துப்பு சார் அந்த அம்மாளைப் பார்த்தார். "நீங்க நம்பியிருக்கீங்க."

அவர் கைகளை மடியில் வைத்துக்கொண்டார். "எங்களுக்கு ஒரே பொண்ணு. மூணு வருஷம் முன்னாடி போயிட்டா. அதுக்கப்புறம் வீட்ல பேச்சு நின்னுபோச்சு. சண்டை எல்லாம் இல்ல, பேச ஒண்ணும் இல்ல. ஞாயித்துக்கிழமை அவர் போட்ட கட்டத்தை நான் நிரப்புவேன். நிரப்பினதை அவர் எடுத்துப் பார்ப்பார். எங்க வீட்ல பேச்சுன்னா அதான்."

"இந்தக் கட்டம் காலியா இருக்கே" என்றார் துப்பு சார்.

"கடலைக் கடைசியில் சேர்ந்தேன்னு ஒரு மனுஷன் எழுதியிருந்தா, பென்சில் எடுத்துக் கட்டம் நிரப்புவாங்களா?" என்றார் அவர். குரல் ஏறவில்லை. "அரைபடும் இடம்னா எங்க வீடு. மூணு வருஷமா அங்கதான் அரைபட்டார்."

துப்பு சார் அந்த வரியில் அடுத்த சொல்லுக்கு விரலை நகர்த்தினார்.

"உயிர்னா என்ன?"

"சார், அந்த அளவுக்குத் தத்துவம் நமக்கு வேணாம்."

"குறுக்கெழுத்துல."

"ஓ. உயிரெழுத்து. அ, ஆ, இ, ஈ."

"கடலைக் கடைசியில். 'கடலைக்' கடைசி எழுத்து என்ன?"

நான் விரல் விட்டு எண்ணினேன். "க, ட, லை, க். கடைசி எழுத்து க். உயிரெழுத்து முன்னாடி, க் பின்னாடி. அக், இக், உக்... விக்கல் எடுத்த மாதிரி இருக்கு சார். அப்படி ஒரு சொல்லே கிடையாது."

"நானும் அதைப் பார்த்தேன்" என்றார் அந்த அம்மாள். "குறிப்புன்னு வெச்சுக்கிட்டா இது உடைஞ்ச குறிப்பு. முப்பது வருஷத்துல அவர் உடைஞ்ச குறிப்புப் போட்டதில்ல. ஒற்றுலயும் தப்பு விட்டதில்ல. மளிகைச் சீட்டுலகூடச் சந்தி பார்த்து எழுதற ஆளு. அதனால இது குறிப்பே இல்ல, எனக்கு எழுதின கடிதம். கடிதம்னா அந்த க் சரி. கடலை, க், கடைசியில். கடல்தான்."

இப்படி ஒரு நியாயத்தை நான் கேட்டதில்லை. புருஷன் செத்தான் என்பதற்கு இலக்கணத்தைச் சாட்சிக்குக் கூப்பிட்டிருந்தார்.

துப்பு சார் விரலில் இருந்த ரத்தத்தைக் கைக்குட்டையில் துடைத்தார். "அவர் உடைஞ்ச குறிப்புப் போடமாட்டார். ஒற்றுலயும் தப்பு விடமாட்டார். ரெண்டும் நிஜம்னா மூணாவது ஒண்ணு இருக்கு."

"என்ன?"

"அந்த க் அவர் போட்டது இல்ல."

பத்திரிகை அலுவலகத்துக்கு மூன்று பேரும் போனோம். ஞாயிறு இணைப்பின் ஆசிரியர் மீசைக்கு மட்டும் சாயம் பூசுகிறவர். என்னைப் பார்த்ததும் எழுந்து வந்தார்.

"அக்கா! நானே ஆள் அனுப்பலாம்னு இருந்தேன். நாளைக்கு எறும்புக்கு இரங்கல் போடறோம். 'விடைபெற்றார் எறும்பு'ன்னு தலைப்பு. விடைங்கிறதுல சிலேடை. நீங்களே ஒரு தடவை பிழை பார்த்துக் குடுத்துடுங்க."

"சிலேடைக்குச் சொந்தக்காரரோட சம்சாரம் பின்னாடி நிக்கறாங்க" என்றேன்.

மீசை சுருங்கியது. அவசரமாக நாற்காலி தேடினார். அந்த அம்மாள் உட்காரவில்லை.

"நேத்து இணைப்புல விடை போட்டீங்களே, யார் குடுத்தது?" என்று துப்பு சார் கேட்டார்.

"விடைத்தாளை எறும்பு எப்பவும் புதன்கிழமை கொண்டுவந்து வாசல்லயே குடுத்துட்டுப் போயிடுவார். இந்தத் தடவை புதன்கிழமை அவர்தான் இல்லையே. நானே போட்டேன். அலைன்னு. அலைதானே கடைசியில கரை சேரும்?"

"அரைபடும் இடம்?"

"அது... கவித்துவம்" என்றார் ஆசிரியர்.

"அவர் கையால எழுதின தாள் இருக்கா?"

ஒவ்வொரு வாரத் தாளும் ஒரு கம்பியில் கோத்துத் தொங்கும். அச்சுக்கோத்த படியும் பிழை பார்த்த படியும் அதற்குப் பின்னால் வரிசையாக இருக்கும். ஆசிரியர் கழற்றி வந்து மேஜையில் பரப்பினார். கட்டம் போட்ட தாளில் நீல மை, பொடி எழுத்து.

'அரைபடும் இடத்தில் உயிர் முன்னே போக, கடலை கடைசியில் சேர்ந்தேன் (2).'

க் இல்லை.

அடுத்த தாள் அச்சுப்படி. அதிலும் இல்லை. மூன்றாவது தாள் பிழை பார்த்த படி. கடலைக்கும் கடைசிக்கும் நடுவே ஒரு கூரைக்குறி, அதன் மேல் சிவப்பு மையில் ஒரு க்.

"எட்டு நாள், ரெண்டு படகு, நாலு முக்குளிப்பாளர்" என்றார் துப்பு சார். "எல்லாம் இந்த ஒரு எழுத்துக்கு."

ஆசிரியருக்குப் புரியவில்லை. துப்பு சார் என்னைப் பார்த்தார். வழக்கமாக இந்த இடத்தில் நான்தான் விளக்குவேன். வேலை கொடு என்றால் உத்தியோகம், வேலைக் கொடு என்றால் ஆயுதம். கடலைக் கடைசியில் என்றால் கடல், கடலை கடைசியில் என்றால் கொறிக்கிற கடலை. காலேஜ் பசங்கள் பஸ் ஸ்டாப்பில் போடுகிற கடலையைப் பற்றியும் ஒரு ஜோக் தயாராக இருந்தது. வாய் திறக்கவில்லை. நான் அந்தச் சிவப்பு எழுத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

விளக்கம் வேறு பக்கத்திலிருந்து வந்தது.

"கடலை" என்றார் அந்த அம்மாள், நீல மையைப் பார்த்தபடி. "க, ட, லை. கடைசியில லை." விரலால் மேஜையில் ஒரு கட்டம் வரைந்தார். "உயிர் முன்னே. அலை, இலை, உலை, ஓலை..."

நிறுத்தினார்.

"அரைபடும் இடம்" என்றார். பிறகு, "ஆலை."

"எந்த ஆலை?" என்றார் துப்பு சார்.

"கடலை எண்ணெய் ஆலை. ஊருக்கு வெளியே இருக்கு, மூடிப் பல வருஷமாச்சு. அவர் அங்க எடை போடுவார், நான் ஆபீஸ்ல டைப் அடிப்பேன். மத்தியானச் சாப்பாட்டு நேரத்துல ஒரே பேப்பரை வெச்சுக்கிட்டுக் கட்டம் நிரப்புவோம். அப்படித்தான் கல்யாணம் ஆச்சு." குரல் இன்னும் குழாய் ரிப்பேரில்தான் இருந்தது. கை மட்டும் அதற்குள் பையை எடுத்துத் தோளில் மாட்டிக்கொண்டது. "பஸ் எத்தனை மணிக்கு?"

பஸ்ஸில் நாற்பது நிமிடம். அந்த அம்மாள் முன் இருக்கையில் உட்கார்ந்து ஜன்னல் பக்கம் திரும்பாமல் நேரே பார்த்துக்கொண்டு வந்தார். நாங்கள் இரண்டு வரிசை பின்னால். பாதி வழியில் துப்பு சார் சொன்னார்.

"இருபது நிமிஷமா நீ பேசல."

"பல்வலி சார்."

"சரி."

இன்னும் இரண்டு நிறுத்தம் போனது. அதற்கு மேல் அடக்க முடியவில்லை.

"அந்த க் என்னோடது சார்."

"தெரியும். புள்ளிக்குப் பதிலா வட்டம் போட்டிருந்தது."

நான் எப்போதும் வட்டம்தான் போடுவேன். அச்சுக்கோக்கிறவர் கண்ணுக்குப் புள்ளி தப்பிவிடும், வட்டம் தப்பாது. இருபத்திரண்டு வருடப் பழக்கம். இருபத்திரண்டு வருடமும் நான் எதையும் படித்ததில்லை என்பதும் அப்போதுதான் உறைத்தது. பிழை பார்க்கிறவள் படிப்பதில்லை, எழுத்தை மட்டும் பார்ப்பாள். கடலை என்று கண்டாள், கடைசியில் என்று கண்டாள், வல்லினம் மிகும் என்று ஒரு க்கைச் செருகிவிட்டு அடுத்த வரிக்குப் போய்விட்டாள். கடலையா கடலா என்று ஒரு நொடி நின்றிருந்தால், ஒரு பெண் எட்டு நாள் கடற்கரையில் நின்றிருக்க மாட்டாள். எனக்கு அழுகை வரும் என்று எதிர்பார்த்தேன். வரவில்லை. மரத்துப் போவது ஒட்டுவாரொட்டி போலிருக்கிறது.

"ஏன் சார் அங்கேயே சொல்லல?"

"நீ சொல்லுவேன்னு தெரியும்" என்றார்.

ஆலை வாசலில் பிண்ணாக்கு வாசனை இன்னும் மிச்சம் இருந்தது. காவலாளி கம்பிக் கதவைத் திறக்காமலே பேசினார்.

"எடைக்கார ஐயாவா? இருக்காரு. மூணு மணி பஸ்ஸுக்குக் கிளம்பறேன்னு பெட்டி கட்டிட்டாரு. எந்த ஊருக்குன்னு கேட்டேன். எந்த பஸ் முன்னாடி வருதோ அந்த ஊருக்குன்னாரு."

மணி இரண்டே முக்கால்.

எடை அறையில் துருப்பிடித்த பெரிய தராசும் ஒரு பெஞ்சும் இருந்தன. பெஞ்சில் கயிறு கட்டிய பெட்டி. பக்கத்தில் ஒல்லியாக ஒருவர், மடிப்புக் கலையாத சட்டையில். எறும்பு என்று பேர் வைத்தவன் வாய்க்குச் சர்க்கரை போடலாம்.

மனைவியைப் பார்த்ததும் எழுந்தார். கிட்டே வரவில்லை.

"ஒன்பது நாளாச்சு" என்றார்.

"தெரியும்."

"ஞாயித்துக்கிழமை பத்து மணிக்கெல்லாம் நீ முடிச்சிடுவே. மத்தியானத்துக்குள்ள வந்துடுவேன்னு பார்த்தேன். வரல. விடை தெரிஞ்சும் வர இஷ்டமில்லைன்னு நினைச்சுக்கிட்டேன்."

"நீங்க செத்துட்டீங்கன்னு நினைச்சுக்கிட்டேன்" என்றார் அந்த அம்மாள். "கடல்ல தேடிட்டிருக்கோம்."

"கடல்லயா? எதுக்குக் கடல்ல?"

அந்த அம்மாள் பையிலிருந்து பத்திரிகைத் துண்டை எடுத்து நீட்டினார். எறும்பு கண்ணாடியை மாட்டிக்கொண்டு படித்தார். காது வரைக்கும் சிவந்தது. அன்று நான் ஒரு முகத்தில் பார்த்த முதல் நிறம் அதுதான்.

"யாரு இதுல கை வெச்சது? ரெண்டு சொல்லும் ஒட்டாம நிக்கணும்! நடுவுல க் வந்தா குறிப்பே செத்துப்போச்சே!"

"குறிப்பு மட்டுமா?" என்றார் அந்த அம்மாள்.

நான் முன்னால் போனேன்.

"நான்தாங்க போட்டேன். பிழை திருத்தறவ."

அவர் என்னை ஏற இறங்கப் பார்த்தார். மறுபடி துண்டைப் பார்த்தார். கோபம் வந்த வேகத்தில் இறங்கியது.

"இலக்கணம் சரி" என்றார். "இடம் தப்பு."

இவ்வளவு மரியாதையாக என்னை யாரும் திட்டியதில்லை. மன்னிப்புக் கேட்க வாய் திறந்தேன். துப்பு சார் என் முழங்கையைப் பிடித்து வெளியே அழைத்து வந்துவிட்டார்.

வராந்தாவில் நின்றோம். துப்பு சார் போலீசுக்குப் போன் செய்து இரண்டே வாக்கியத்தில் சொல்லி முடித்தார். பிறகு கைக்குட்டையை அவிழ்த்துக் கட்டைவிரலைப் பார்த்தார்.

"வலிக்குது" என்றார்.

"இப்பவா? காலையில குத்தின பின் சார் அது!"

"இப்பத்தான் வலிக்குது."

பல்வலிக்கு வாங்கி வைத்திருந்த மாத்திரையில் ஒன்றை எடுத்து நீட்டினேன்.

அறைக் கதவு சாத்தவில்லை. உள்ளே பேசுவது கேட்டது.

"அந்த வீட்ல எனக்குப் பேச்சு வரல. அவ அறையைத் தாண்டித்தான் எங்கயும் போகணும். இங்கன்னா வரும்னு பார்த்தேன்."

"வந்துச்சா?"

"தனியா எப்படி வரும்? உன்னைத்தானே கூப்பிட்டேன்."

தூரத்தில் பஸ் ஹாரன் கேட்டது. பெட்டியைத் தூக்குகிற சத்தம் கேட்டது. நான் கண்ணை மூடிக்கொண்டேன்.

"வீடு திரும்புங்க" என்றார் அந்த அம்மாள்.

எறும்பை முப்பது வருடப் பழக்கம் லேசில் விடுமா? உதட்டுக்குள் எண்ணிப் பார்ப்பது எனக்கு வெளியிலிருந்தே தெரிந்தது.

"வீடு திரும்பினா... டுவீ" என்றார். "அப்படி ஒரு சொல்லே இல்லையே."

"இது குறிப்பு இல்லைங்க" என்றார் அவர். அந்தக் குரல் அப்போதுதான் உடைந்தது. "நேராத்தான் சொல்றேன்."

மூன்று மணி பஸ் வந்து நின்றது. எறும்பு ஒரு கையில் பெட்டியும் மறு கையில் மனைவியின் கையுமாக வெளியே வந்து, இது எந்த ஊர் பஸ் என்று காவலாளியிடம் கேட்டார்.